பூசாத சுவர்களைப் படத்தில் பார்ப்பது எப்படி?

உங்கள் கேள்வி இது. புரூட்டலிசக் கட்டடங்களின் புகைப்படப் புத்தகம் ஒன்று பரிசாக வந்திருக்கிறது. கனமான புத்தகம், முழுக்கக் கறுப்பு வெள்ளை. பக்கம் பக்கமாகப் பூசாத கான்கிரீட் சுவர்கள், ஒரு ஆள்கூட இல்லை. "கட்டி முடிக்காத வீடு மாதிரி இருக்கிறதே, இதில் ரசிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

"கட்டி முடிக்காத வீடு" என்று சொன்னீர்களே, அதிலிருந்தே தொடங்கலாம். சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். நம் ஊரில் ஒரு வீடு பூச்சு இல்லாமல் நின்றால், கட்டியவர் கையில் பணம் தீர்ந்துவிட்டது என்று தெருவே புரிந்துகொள்ளும். சென்ட்ரிங், அதாவது கலவையை ஊற்றி வார்க்க அடித்த பலகை, பிரித்ததும் கான்கிரீட்டில் எத்தனையோ தெரியும். பலகை சேர்ந்த இடத்தில் கோடு, ஆணியின் தடம், இடுக்கில் கசிந்து உறைந்த சிமெண்ட் பால், கலவை சரியாக இறங்காமல் தேன்கூடு மாதிரி ஜல்லி துருத்திக்கொண்டிருக்கும் இடம். இதையெல்லாம் கொத்தனார் பூசி மறைத்த பிறகுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு. நானும் கட்டட வேலையில் பல வருடம் இருந்தவன். அந்தத் தடங்களைக் குறை என்று மட்டுமே பார்க்கப் பழகிய கண்ணுக்கு இந்தப் படங்கள் முதலில் ஒரு அதிர்ச்சிதான். அந்தக் கடைசிப் பூச்சே வேண்டாம் என்று முடிவு செய்த கட்டடக்கலைக்குத்தான் புரூட்டலிசம் என்று பெயர். கொத்தனார் எதை மறைப்பாரோ அதைத்தான் உங்கள் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் காட்டுகிறது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் "புரூட்டல்" என்றால் கொடூரம் என்பதால், கொடூரமான கட்டடங்கள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பிரெஞ்சில் "பெத்தோன் ப்ரூட்" என்றால் கச்சாக் கான்கிரீட். கச்சா எண்ணெய் என்கிறோமே, அந்தக் கச்சா. சுவீடனில் 1950 வாக்கில் வேடிக்கையாகப் பிறந்த ஒரு சொல்லும் இதோடு கலந்து, 1953 முதல் இங்கிலாந்தில் ஆலிசன் ஸ்மித்சன், பீட்டர் ஸ்மித்சன் என்ற கட்டடக்கலைஞர் தம்பதியர் வழியாக இந்தப் பெயர் நிலைத்தது.

கச்சாக் கான்கிரீட்டின் கதை மார்செய் நகரத்தில் சூடுபிடிக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, பிரான்சில் லட்சக்கணக்கானவர்களுக்கு வீடில்லாத நேரம். கட்டடக்கலைஞர் லெ கொர்புசியே 1947-ல் அங்கே ஒரு பெரிய குடியிருப்பைக் கட்டத் தொடங்கினார். ஒரே கட்டடத்தில் 337 வீடுகள். இரும்புக்குத் தட்டுப்பாடு என்பதால் கான்கிரீட்டில் கட்ட வேண்டியதாயிற்று. ஒப்பந்தக்காரர்கள் பலர், பலகைகளும் பல தரம். பிரித்துப் பார்த்தால் மேற்பரப்பு ஒரு இடம் போல இன்னொரு இடம் இல்லை. பூசி மறைத்திருக்கலாம். அப்படியே விட்டுவிடுவது என்று அவர் முடிவெடுத்தார். 1952-ல் கட்டடம் திறக்கப்பட்டது.

அதற்கு முன்பே, 1949-ல், வேலை நடந்துகொண்டிருந்தபோதே லூசியன் ஹெர்வே என்ற புகைப்படக்காரர் அங்கே போனார். ஹங்கேரியில் பிறந்து பாரிசில் குடியேறியவர். ஒரே நாளில் 650 படம் எடுத்து லெ கொர்புசியேவுக்கு அனுப்பினார். படங்களைப் பார்த்தவர் உடனே ஹெர்வேயைத் தன் புகைப்படக்காரராக வைத்துக்கொண்டார். 1965-ல் லெ கொர்புசியே இறக்கும்வரை அந்த உறவு நீடித்தது. ஹெர்வேயிடம் ஒரு பழக்கம் உண்டு. எடுத்த படத்தைக் கத்தரிக்கோலால் வெட்டுவார். முழுக் கட்டடத்தையும் காட்ட வேண்டும் என்ற கவலை அவருக்கு இல்லை. ஒரு படிக்கட்டின் முனை, சுவரில் சாய்வாக விழுந்த நிழல், ஒரு தூணின் இடுப்பு, அவ்வளவுதான் மிஞ்சும். உங்கள் புத்தகத்தில் "இது எந்தக் கட்டடம், எந்தப் பக்கம்?" என்று புரியாமல் ஒரு மூலை மட்டும் பக்கத்தை நிறைத்து நிற்கும் படங்கள் இருக்குமே, அந்தப் பழக்கத்துக்கு அவர் முக்கியமான முன்னோடி.

சரி, இப்போது புத்தகத்தைத் திறங்கள். லண்டன் நேஷனல் தியேட்டரின் படம் அநேகமாக இருக்கும். டெனிஸ் லாஸ்டன் வடிவமைத்து 1976-ல் திறந்தது. பக்கத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சுவரில் வரிவரியாகப் பட்டைகள் தெரியும். ஒவ்வொரு பட்டையும் ஒரு பலகையின் அகலம். அந்தப் பட்டைக்குள் இன்னும் மெல்லிய வரிகள் ஓடும், அது மரத்தின் ரேகை. அங்கங்கே வட்டமாக ஒரு சுழி இருந்தால் அது கிளை முளைத்த கணு. பலகையைப் பிரித்து எடுத்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அந்த மரம் அதன் கணுவோடு சுவரில் இருக்கிறது.

எனக்கு இந்தப் புத்தகங்கள் மேல் பிடிப்பு வந்தது இதைக் கவனித்த நாளில்தான். பழைய ஃபிலிம் கேமராவில் நெகட்டிவ் இருந்தது, அதிலிருந்து பிரிண்ட் போட்டோம். நெகட்டிவில் வெளுப்பாக இருப்பது பிரிண்டில் கறுப்பாக வரும். இங்கேயும் அதே கதை. பலகையில் மேடாக இருப்பது சுவரில் பள்ளமாக விழும், பலகையில் பள்ளம் சுவரில் மேடாகும். சென்ட்ரிங்தான் நெகட்டிவ், சுவர் அதன் பிரிண்ட். ஆக, கேமரா வருவதற்கு முன்பே அந்தச் சுவர் ஒரு படம்தான். நீங்கள் பார்ப்பது அச்சின் அச்சு. செங்கல் சுவரையும் கண்ணாடிக் கட்டடத்தையும் படம் எடுக்கிறார்கள், நன்றாகவும் இருக்கிறது. ஆனால் கான்கிரீட்டுக்கும் புகைப்படத்துக்கும் இடையில் இருக்கிற இந்த ரத்த உறவு அவற்றுக்குக் கிடையாது.

இன்னொன்று. பூச்சு உண்டு என்றால் சென்ட்ரிங் அடிப்பவர் கொஞ்சம் அசட்டையாக இருக்கலாம், பின்னால் கொத்தனார் சரிசெய்துகொள்வார். பூச்சு இல்லை என்றால் தப்பிக்க வழியே இல்லை. பலகையைத் தேர்வு செய்வது, வரிசை பிசகாமல் அடிப்பது, எந்த இடத்தில் இன்றைய வேலையை நிறுத்தி நாளை தொடர்வது, கலவையை அதிரவைத்து இறக்கும் வைப்ரேட்டரை எவ்வளவு நேரம் விடுவது, எல்லாமே சுவரில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். படத்தில் சுவரின் குறுக்கே நேராக ஒரு கோடு ஓடினால், பெரும்பாலும் அது ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்கிய இடம். "கச்சா" என்ற பெயரைக் கேட்டு ஏனோதானோ என்று கட்டியவை என நினைத்துவிடாதீர்கள். நல்ல புரூட்டலிசக் கட்டடத்தின் சென்ட்ரிங் வேலை, பூசுகிற கட்டடத்தின் வேலையைவிடப் பல மடங்கு நுணுக்கமானது.

எல்லாச் சுவரிலும் மர ரேகை இருக்காது. லண்டன் பார்பிகன் குடியிருப்பின் படம் இருந்தால் அங்கே வேறு மாதிரித் தெரியும். சுவர் முழுக்கச் சொரசொரப்பு, பொடிப்பொடியாக ஜல்லி. கான்கிரீட் இறுகக் குறைந்தது 21 நாள் விட்டு, பிறகு ஆட்கள் கையில் சுத்தி பிடித்து மேல்தோலைக் கொத்தி எடுத்தார்கள். நம் தெருக்களில் "அம்மி கொத்தலையோ அம்மி" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருவார்களே, அந்த வேலைதான். அம்மியைக் கொத்துவது மசாலா அரைபட. இங்கே உள்ளிருக்கும் கருங்கல் ஜல்லி வெளியே தெரிவதற்காக. ஒரு அம்மிக்கே எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டாயிரத்துக்கு மேல் வீடுகள், நாற்பது மாடிக்கு மேல் உயர்ந்த மூன்று கோபுரங்கள் என்று இருக்கிற ஒரு குடியிருப்பை அப்படிக் கொத்தியிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பக்கத்தைப் பார்த்தால், வெறும் சாம்பல் நிறமாகத் தெரிந்த இடமெல்லாம் கையாகத் தெரியும்.

அமெரிக்காவில் பால் ருடால்ஃப் 1963-ல் முடித்த யேல் பல்கலைக்கழகக் கலை, கட்டடக்கலைக் கட்டடம் இன்னும் ஒரு படி மேலே. கார்டுராய் துணி மாதிரிச் செங்குத்தான வரம்புகளாகக் கான்கிரீட்டை வார்த்து, பிறகு அந்த வரம்புகளின் முனையைச் சுத்தியால் உடைத்தார்கள். அவருடைய பேனா ஓவியங்களில் நிழல் எல்லாம் நெருக்கமான இணைகோடுகளாகவே இருக்கும். அந்தக் கோடுகளே சுவரானது போல ஒரு தோற்றம். அதைத் தொட்டால் கை கிழியும். படத்தில் மட்டும் பட்டு.

அப்புறம் வெளிச்சம். பூசாத சுவரை உச்சிவெயிலில் எடுத்தால் ஒன்றும் வராது, வெறும் சாம்பல். காலையிலோ மாலையிலோ வெயில் சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வரும்போதுதான் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் விழுந்து சுவர் எழுந்து நிற்கும். படத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள், புகைப்படக்காரர் எந்த நேரத்துக்குக் காத்திருந்தார் என்பது ஓரளவு பிடிபடும். வானம் கன்னங்கரேலென்று இருந்து கட்டடம் மட்டும் ஒளிர்கிறதா? அநேகமாக லென்ஸின் முன்னால் சிவப்பு ஃபில்டர். நீல வெளிச்சத்தை அது தடுத்துவிடும், வானம் இருளும், சுவர் தப்பிக்கும். மாறாக நிழலே இல்லாமல், வானம் வெள்ளைத்தாள் மாதிரி, கட்டடம் நேர்முகமாக நின்றால், அது ஜெர்மனியின் பெர்ன்ட் பெச்சர், ஹில்லா பெச்சர் தம்பதியர் வழி வந்த பழக்கம். தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் மேகமூட்டமான நாளில் மட்டும், ஒரே கோணத்தில், பல பத்தாண்டுகள் எடுத்தவர்கள் அவர்கள்.

கோபுரம் கோணாமல் நிமிர்ந்து நிற்பதையும் கவனியுங்கள். நாம் கீழே நின்று போனை அண்ணாந்து பிடித்து எடுத்தால், கட்டடம் மேலே போகப் போகக் குறுகிப் பின்னால் சாயும். கட்டடப் புகைப்படக்காரர்களின் கேமராவில் ஃபிலிமை நிமிர்த்தி வைத்தபடி லென்ஸை மட்டும் மேலே உயர்த்த முடியும், அதனால் சுவர் செங்குத்தாகவே விழுகிறது. இந்தக் கட்டடங்களிடம் ஒரு கோயில் கோபுரத்தின் அமைதி இருப்பதாகப் படத்தில் தோன்றுமே, அதில் பாதி லென்ஸ் செய்த வேலை. அச்சையும் சோதித்துப் பாருங்கள். நல்ல அச்சு என்றால் நிழலுக்குள்ளேயும் பலகைக் கோடு தெரிய வேண்டும். நிழல் வெறும் மையாகக் கட்டியிருந்தால் அது சுமாரான அச்சு.

இதுவரை சொன்னதெல்லாம் புத்தகத்தின் பக்கம் நின்று சொன்னது. எனக்கு அதோடு ஒரு சண்டையும் உண்டு. ஆட்கள் எங்கே?

இந்தச் சண்டைக்குக் காரணம் இருக்கிறது. புரூட்டலிசம் பிறந்த வீட்டிலேயே ஒரு புகைப்படக்காரர் இருந்தார். நைஜல் ஹெண்டர்சன். லண்டனின் கிழக்குப் பகுதியில், பெத்னல் கிரீன் என்ற ஏழைத் தொழிலாளர் பேட்டையில் குடியிருந்துகொண்டு, தெருவில் விளையாடும் பிள்ளைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்மித்சன் தம்பதியர் அவருக்கு நண்பர்கள். 1953-ல் ஹெண்டர்சன், சிற்பி எடுவார்டோ பாவலோட்சி, ஸ்மித்சன்கள் எல்லாரும் சேர்ந்து லண்டனில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். புள்ளிபுள்ளியாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிய புகைப்படங்களைச் சுவரிலும் கூரையிலுமாகத் தொங்கவிட்டார்கள். அதே வருடம் ஸ்மித்சன்கள் பிரான்சில் நடந்த கட்டடக்கலைஞர்கள் மாநாட்டுக்குப் போனபோது, ஹெண்டர்சனின் தெருப் பிள்ளைகள் படத்தை வைத்துத்தான் தங்கள் வாதத்தை முன்வைத்தார்கள். தெரு என்றால் போக்குவரத்து மட்டுமா, பிள்ளை விளையாடுகிற இடம், பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுகிற இடம், மாடிவீடு கட்டினாலும் அது வேண்டாமா என்பது அவர்கள் கேள்வி. 1955-ல் விமர்சகர் ரேனர் பான்ஹாம் இந்தப் போக்குக்கு இலக்கணம் எழுதியபோது மூன்று அடையாளம் சொன்னார். கட்டுமானம் ஒளிவுமறைவின்றித் தெரிவது, பொருளை உள்ளபடி மதிப்பது, பார்த்ததும் ஒரு பிம்பமாக மனதில் நிற்பது. பிம்பம் என்பது இலக்கணத்திலேயே இருக்கிறது. பின்னால் வந்த புகைப்படப் புத்தகங்கள் அந்தப் பிம்பத்தைப் பிடித்துக்கொண்டன, பிள்ளைகளை விட்டுவிட்டன.

ஸ்மித்சன்கள் தங்கள் நினைப்பைக் கட்டிக் காட்ட 1972 ஆயிற்று. லண்டனில் ராபின் ஹூட் கார்டன்ஸ். எதிரெதிரே இரண்டு நீளக் கட்டடம், 213 வீடுகள், வீட்டு வாசலில் ஆகாயத் தெரு மாதிரி அகலமான நடை, நடுவே கட்டட இடிபாட்டைக் குவித்துப் புல் வளர்த்த ஒரு மேடு. அந்த ஆகாயத் தெரு அவர்கள் நினைத்தபடி நடக்கவில்லை என்பார்கள், பராமரிப்பு இல்லாமல் போனது என்பார்கள், இரண்டிலும் உண்மை உண்டு. 2017-ல் இடிக்கத் தொடங்கினார்கள். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு துண்டைப் பெயர்த்து எடுத்து வைத்துக்கொண்டது. அந்தக் கட்டடத்தின் ஆளில்லாத படம் உங்கள் புத்தகத்தில் இருந்தால், ஹெண்டர்சனின் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதற்காகக் கட்டினார்கள் என்பதும் படத்தில் எது இல்லை என்பதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

நிறமும் அப்படித்தான் காணாமல் போகிறது. மார்செய் கட்டடத்தின் கறுப்பு வெள்ளைப் படம் எத்தனையோ முறை பார்த்துவிட்டு, முதல்முறை வண்ணத்தில் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒவ்வொரு பால்கனியின் பக்கச்சுவரும் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். மொட்டைமாடியில் சின்னப் பிள்ளைகள் இறங்கி விளையாட ஒரு ஆழமில்லாத குளம். கறுப்பு வெள்ளையில் இவ்வளவும் ஒரே கம்பீரமாகிவிடுகிறது. உங்கள் புத்தகத்தில் எந்தப் படம் பிடித்திருந்தாலும், அதே கட்டடத்தை வண்ணத்தில் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.

பழைய யுகோஸ்லாவியாவின் நினைவுச்சின்னங்களும் இந்த வகைப் புத்தகங்களில் வரும். அவற்றைப் பார்க்கும்போது மட்டும் குறிப்பை முதலில் படியுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். வெட்டவெளியில் ஒரு பிரம்மாண்டக் கான்கிரீட் பூ, வேற்றுக்கிரகத்தில் இருந்து வந்து இறங்கியது போல நிற்கும். குரோவேஷியாவின் யாசெனோவாட்ஸ், பொக்தான் பொக்தானோவிச் 1966-ல் எழுப்பியது. அந்த இடத்தில் இரண்டாம் உலகப் போரின்போது வதைமுகாம் இருந்தது. செத்தவர்களுக்காக வைத்த பூவை விண்கலம் மாதிரிப் படம் எடுத்து, பெயர்கூடப் போடாமல் அச்சிடுவது எனக்கு மனசுக்கு ஆவதில்லை.

சுவரில் வழிந்திருக்கும் கறைகளையும் தவிர்க்காமல் பாருங்கள். கறுப்பாக வழிந்திருப்பது மழையும் தூசியும் பாசியும். வண்ணப் படம் என்றால் பழுப்பாக ஒரு கோடு தெரியலாம், அது உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிப்பது. புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைக் காப்பாற்றும். காற்றில் உள்ள கரியமில வாயு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி அந்தக் காரத்தைத் தின்றுவிடும். பிறகு ஈரம் பட்டால் கம்பி துருவேறும், துரு கம்பியைவிட அதிக இடம் கேட்கும், மேலே இருக்கும் கான்கிரீட் விண்டு விழும். கம்பிக்கு மேல் விட்ட கான்கிரீட்டின் கனம் போதாத இடத்தில் இது சீக்கிரம் நடக்கும். மத்திய தரைக்கடல் வெயிலில் அழகாக இருந்த அதே கச்சாக் கான்கிரீட் லண்டன் மழையில் அழுக்காகத் தெரிந்ததற்கும், மக்கள் அதை வெறுத்ததற்கும் இதில் பெரிய பங்கு உண்டு. புகைப்படக்காரர்கள் சிலர் இந்தக் கறையை ஒதுக்கிவிட்டு எடுப்பார்கள். கறையோடு எடுப்பவர்களை நான் அதிகம் நம்புகிறேன்.

படம் மட்டுமே மிஞ்சிய கட்டடங்களும் உண்டு. டெல்லியின் ஹால் ஆஃப் நேஷன்ஸ் அப்படி ஒன்று. சுதந்திரத்தின் வெள்ளிவிழாவை ஒட்டி 1972-ல் நடந்த வர்த்தகக் கண்காட்சிக்காக ராஜ் ரேவால் வடிவமைத்தது, பொறியாளர் மகேந்திர ராஜ். நடுவில் தூணே இல்லாத பெரிய கூடம். முக்கோண முக்கோணமாகச் சட்டங்கள் கோத்த கூடு மாதிரிச் சுவரும் கூரையும். வேறு நாடு என்றால் இரும்பில் செய்திருப்பார்கள். இங்கே இரும்பு எட்டாத விலை, ஆள் கூலி குறைவு. அந்தச் சட்டங்கள் அத்தனையையும் அங்கேயே சென்ட்ரிங் அடித்துக் கான்கிரீட்டில் வார்த்தார்கள். 2017 ஏப்ரலில் ஒரு இரவில் இடித்துவிட்டார்கள். டெல்லிக் கட்டடங்களைப் பல பத்தாண்டுகள் படம் எடுத்த மதன் மஹத்தாவின் கறுப்பு வெள்ளைப் படங்களில் அது இன்னும் நிற்கிறது. கட்டத் தெரிந்த கண்ணோடு அவற்றைப் பார்த்தால், ஒவ்வொரு முடிச்சிலும் எத்தனை கம்பி வந்து சேர்ந்திருக்கும், அதற்குள் கலவையை எப்படி இறக்கியிருப்பார்கள் என்று யோசித்து யோசித்து ஒரு பக்கத்திலேயே அரை மணி நேரம் போய்விடுகிறது.

லெ கொர்புசியே நம் நாட்டில் வடிவமைத்த சண்டிகர் உங்கள் புத்தகத்தில் கட்டாயம் இருக்கும். பெரும்பாலும் முடிந்த கட்டடம்தான் இருக்கும், சட்டமன்றத்தின் அந்த வளைந்த முகப்பு, முன்னால் தண்ணீர். அதைப் பார்த்துவிட்டு, சுவிஸ் புகைப்படக்காரர் எர்ன்ஸ்ட் ஷைடெகர் 1956-ல் அங்கே போய் எடுத்த படங்களையும் தேடிப் பாருங்கள். அப்போது நகரம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. சாரம் கட்டியிருக்கிறது. பெண்கள் தலையில் சுமையோடு நடக்கிறார்கள். பிறகு உங்கள் புத்தகத்துக்குத் திரும்பி வந்து, அதே சுவரில் பலகைக் கோடு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.